அக்காவின் 128 கேள்விகள்

சென்ற ஆண்டு ஆடிச் சாரலுக்கு அக்கா தென்காசிக்கு வந்திருந்தபோது 100 கேள்விகளும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். செனட்டர் பதவி எத்தனை வருஷம், அரசியல் சட்டத்துக்கு எத்தனை திருத்தம், கொடியில் ஏன் 13 கோடு என்று எங்கிருந்து கேட்டாலும் தோசையைத் திருப்பிக்கொண்டே பதில் சொல்வாள். அமெரிக்கக் குடியுரிமைக்கு மனுப் போடுவதுதான் பாக்கி. ஆகஸ்டு கடைசியில் நியூஜெர்சி திரும்பினாள். இந்த வாரம் போடலாம், அடுத்த வாரம் போடலாம் என்று தள்ளிக்கொண்டே வந்த மாப்பிள்ளை, கடைசியில் "தீபாவளி கழியட்டும் அத்தை" என்று சொல்லிவிட்டார். அந்தத் தீபாவளி அக்டோபர் 20. அன்று முதல் மனுச் செய்கிறவர்களுக்குப் புதிய தேர்வு என்று அமெரிக்கக் குடியேற்றத் துறை முன்கூட்டியே அறிவித்திருந்தது. 100 கேள்வி 128 ஆகிவிட்டது.

முன்பு அதிகாரி 10 கேள்வி வரை கேட்பார், 6 சொன்னால் போதும். இப்போது 20 வரை கேட்பார், 12 சொல்லியாக வேண்டும். நான்தான் பதறிப்போய் போன் போட்டேன். "பத்துக்கு ஆறுன்னாலும் இருவதுக்குப் பன்னெண்டுன்னாலும் ஒண்ணுதானல. எதுக்குக் கெடந்து பதறுத?" என்றாள். நான் 31 வருஷம் சமூக அறிவியல் வாத்தியார். அவள் எட்டாம் வகுப்போடு நின்றவள்.

நின்றவள் என்பதும் பாதிதான் உண்மை. 1970களில் எங்கள் தெருவில் பீடி முறம் இல்லாத வீடு கிடையாது. மடியில் முறம், அதில் அளவாக வெட்டிய இலை, ஓரத்தில் தூள். இலையை எடுத்து, தூளைப் பரப்பி, உருட்டி, தலையை மடக்கி, நூலைச் சுற்றி அறுப்பதற்குள் நான் ஒரு வரி வாசித்து முடித்திருக்க மாட்டேன். சிம்னி விளக்கு ஒன்றே ஒன்று. அதன் ஒரு பக்கம் அவள், மறுபக்கம் நான். பையன் சத்தமாகப் படித்தால்தான் படிக்கிறான் என்று அர்த்தம் என்பது அப்பாவின் கட்சி. அதனால் பானிப்பட்டுப் போர்கள் மூன்றும் பக்கிங்காம் கால்வாயும் அவள் காதிலும் விழுந்துகொண்டே இருந்தன. அப்பா திடீரென்று கேள்வி கேட்டு நான் முழித்தால், முறத்திலிருந்து தலை நிமிராமலே விடை வரும். 25 பீடி ஒரு கட்டு, 40 கட்டு ஆயிரம். அந்த ஆயிரத்தில் என் பரீட்சைக் கட்டணமும் இருந்தது. இப்போது நான் கேட்க அவள் சொல்கிறாள். முறை மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

அவளுக்கு 68 வயது. அத்தான் போன பிறகு, மகளுக்குப் பிள்ளைப்பேறு பார்க்க 2009-இல் போனவள் கிரீன் கார்டோடு அங்கேயே தங்கிவிட்டாள். 55 வயது கடந்து, கிரீன் கார்டு வாங்கி 15 வருஷமும் ஆனவர்களுக்கு ஆங்கிலத் தேர்வு கிடையாது. கேள்வியைத் தாய்மொழியிலேயே, மொழிபெயர்ப்பாளர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, எதிர்கொள்ளலாம். 65 வயதும் 20 வருஷமும் ஆகியிருந்தால் 20 கேள்விகளை மட்டும் படித்தால் போதும். அதற்கு அக்காவுக்கு இன்னும் நாலு வருஷம் குறைகிறது. ஆகவே முழுப் பாடமும் தமிழில்.

அந்த ஆடியில் தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு டவுன் பஸ்ஸில் போகும்போதும் நான் விடவில்லை. வெளியே சாரல், ஷட்டர் இறக்கிய ஜன்னல், ஈரத் துண்டு வாடை. "யக்கா, காங்கிரஸ்ல எத்தனை பிரிவு?" என்று கேட்டேன். "ரெண்டு" என்றாள் பட்டென்று. முன் சீட்டில் இருந்த பெரியவர் திரும்பிப் பார்த்து, "ரெண்டுதானா? எந்தக் காலத்துல இருக்கிய?" என்றார். அவருக்கு சத்தியமூர்த்தி பவன். எங்களுக்கு செனட்டும் பிரதிநிதிகள் சபையும். பேரருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்தவளிடம், அமெரிக்காவின் நீளமான ஆறுகளில் ஒன்றைச் சொல் என்றேன். எங்கள் காலடியில் ஓடிய தண்ணீரைப் பார்த்து "சிற்றாறு" என்று சொல்லிவிட்டு, நான் முறைத்ததும் "மிசிசிப்பி, மிசௌரி. ரெண்டுல ஒண்ணு சொன்னாப் போதும்" என்று சிரித்தாள்.

இதையெல்லாம் பார்த்து என் வாத்தியார் நண்பர்கள் உதட்டைப் பிதுக்குகிறார்கள். மனப்பாடம் செய்தால் குடிமகனா, இதெல்லாம் ஒரு தேர்வா என்று. பழைய பட்டியலில் அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் மூன்று சொற்கள் என்ன என்று ஒரு கேள்வி உண்டு. அதை ஒப்பித்தால் போதும். புதிய பட்டியலில் அந்தச் சொற்களை அவர்களே கொடுத்துவிட்டு, 'மக்களாகிய நாம்' என்றால் என்ன பொருள் என்று கேட்கிறார்கள். மக்களே தங்களை ஆள்வது என்கிற மாதிரி ஏதாவது ஒன்றைச் சொன்னால் சரி. அக்காவிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "நம்ம நாட்டாமைய நாமளே பாத்துக்கிடுதது" என்றாள். மொழிபெயர்ப்பவர் திறமைசாலியாக இருந்தால் அதற்கும் மார்க் உண்டு.

நான் சொல்ல வருவது வேறு. என் சர்வீஸ் முழுக்க நான் பார்த்த பரீட்சைகள் எல்லாம் வடிகட்டிகள். டிஎன்பிஎஸ்சி குரூப் 4 என்றால் சில ஆயிரம் இடத்துக்குப் பல லட்சம் பேர். யாரைக் கழிப்பது என்பதற்காகவே கேள்வி தயாராகிறது. அக்காவின் தேர்வில் 128 கேள்வியையும் விடையையும் அரசாங்கமே அச்சிட்டு, இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. ஆளுநர், செனட்டர் என்று ஆள் மாறுகிற பதில்களை மட்டும் அன்றைய தேதிக்குச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். 12 சரியாகச் சொன்னதும் அதிகாரி நிறுத்திவிடுவார். தவறினால் 60 நாளிலிருந்து 90 நாளுக்குள் மறுபடி ஒரு வாய்ப்பு. இது உள்ளே கூப்பிடுகிறவன் கேட்கும் கேள்வி. ஆஸ்திரேலியாவில் 2007-இல் இப்படியொரு தேர்வைத் தொடங்கியபோது டான் பிராட்மேனையும் பாடத்தில் சேர்த்திருந்தார்கள். ஊரே கேலி செய்தது, பிறகு எடுத்துவிட்டார்கள். நம் ஊர்ப் பையன்களுக்கு அது ஒரு நஷ்டம். எங்கள் தெருவில் பிராட்மேனின் சராசரி 99.94 என்று தெரியாதவன் கிடையாது.

கேள்வியே கொடுமையாவதும் உண்டு. அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பினத்தவர் ஓட்டுப் போட வந்தால் எழுத்தறிவுத் தேர்வு என்ற பெயரில் யாராலும் விடை சொல்ல முடியாததைக் கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அதை ஒழித்துக்கட்ட 1965-இல் தனிச் சட்டம் வேண்டியிருந்தது. விடையை முன்னாலேயே கையில் கொடுக்காதவனின் கேள்வியை நான் நம்புவதில்லை.

இருந்தாலும், கேள்விக்காவது படித்துக்கொள்ளலாம். காகிதத்துக்கு என்ன செய்வது? 1948-இல் இலங்கை குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்தபோது மலையகத் தோட்டங்களில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த நம் ஆட்களிடம் யாரும் வரலாறோ புவியியலோ கேட்கவில்லை. உன் தகப்பன் இங்கே பிறந்தானா, அதற்குச் சான்று எங்கே. இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததற்குச் சான்று எங்கே என்று கேட்டார்கள். லயத்தில் பிறந்தவனுக்கு ஏது பூட்டனின் பிறப்புச் சான்று? ஏறத்தாழ 7 லட்சம் பேர் ஒரே சட்டத்தில் நாடற்றவர் ஆனார்கள். 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் உட்கார்ந்து 5,25,000 பேர் உங்களுக்கு, 3,00,000 பேர் எங்களுக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பங்கு பிரித்தார்கள். மிச்சம் இருந்தவர்களுக்கு இலங்கை கடைசியாக வழி திறந்தது 2003-இல்.

எங்கள் அம்மா வழித் தாத்தாவுக்கு இந்த அவஸ்தை இல்லை. செங்கோட்டைக்காரர். திருவிதாங்கூர் மகாராஜாவின் பிரஜையாகப் பிறந்தார். 1950-இல் இந்தியக் குடிமகன். 1956 நவம்பர் 1-இல் செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது அவரும் சேர்ந்தார். திண்ணையை விட்டு எழுந்திருக்கவில்லை, ஒரு கேள்விக்கும் பதில் சொல்லவில்லை, ஒரு காகிதமும் நீட்டவில்லை. 2019 நவம்பர் 22-இல் தென்காசி தனி மாவட்டமானபோது எங்களுக்கும் அப்படித்தான். முகவரியில் ஒரு சொல் மாறியதோடு சரி.

பத்தாம் வகுப்பு மாணவர் பட்டியலை நான் தயாரித்த ஒரு வருஷம் நினைவுக்கு வருகிறது. பெயர், பிறந்த தேதி, மதம், நாட்டுரிமை என்று கட்டங்கள். நாட்டுரிமைக் கட்டத்தில் மேலிருந்து கீழாக 'இந்தியர்' என்று கை பாட்டுக்கு எழுதிக்கொண்டே போனேன். சரிபார்க்க வந்த ஒரு பிள்ளை தயங்கி நின்று, தன் பெயருக்கு நேராக விரலை வைத்து, "சார், எனக்கு இலங்கைன்னு போடணும்" என்றாள். இலங்கை அகதிகள் முகாம் பிள்ளை. பிறந்தது திருநெல்வேலி ஆஸ்பத்திரியில். இலங்கையைப் படத்தில்கூட என் வகுப்பில்தான் பார்த்தாள். அரசியல் சட்ட முகப்புரையைக் காலைக் கூட்டத்தில் பார்க்காமல் சொல்லக்கூடிய ஒரே பிள்ளையும் அவள்தான். நான் வெள்ளை மை தடவி, காயும்வரை ஊதி, திருத்தி எழுதினேன். சமூக அறிவியலில் அவள் 98.

இந்தியச் சட்டம் இந்த விஷயத்தில் விசித்திரமானது. 1955 குடியுரிமைச் சட்டப்படி இயல்புரிமையில் குடிமகனாக அறிவுத் தேர்வே கிடையாது. அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றில் போதிய அறிவு வேண்டும், 14 வருஷத்தில் 11 வருஷமும், கடைசியாகத் தொடர்ந்து 12 மாதமும் இங்கே இருந்திருக்க வேண்டும், நன்னடத்தை வேண்டும். இலங்கையிலிருந்து அகதிகளாக வந்தவர்களுக்கு மொழி தமிழ், வசிப்போ 1983-இலிருந்தும் 1990-இலிருந்தும். முகாமில் யாருக்குத் தகுதி குறைகிறது? ஆனால் முறையான ஆவணமின்றி வந்தவர் 'சட்டவிரோதக் குடியேறி', அவர் மனுவே செய்யக் கூடாது என்று சட்டம் வாசலை அடைக்கிறது. 2004 டிசம்பருக்குப் பிறகு இங்கே பிறந்த குழந்தைக்கும், பெற்றோரில் ஒருவர் அப்படிப்பட்டவர் என்றால், பிறப்பால் உரிமை இல்லை. 2019 திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாட்டைச் சொல்லி இலங்கையைச் சொல்லவில்லை. 2021-இல் தமிழக அரசு அகதிகள் முகாமை 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. நல்ல பெயர். 2025 செப்டம்பரில், 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்டவர்கள் பாஸ்போர்ட், விசா இல்லாததற்காகத் தண்டிக்கப்பட மாட்டார்கள் என்று மத்திய அரசு விலக்குக் கொடுத்தது. அதுவும் நல்லது. முகாம்களில் இருக்கும் 50,000-க்கும் மேற்பட்டவர்கள் குடிமக்களாவதற்கு இரண்டிலும் வழி இல்லை.

அவர்களிடம் கேள்வி கேளுங்கள் என்கிறேன். 128 வேண்டாம், 500 கேளுங்கள். அடிப்படை உரிமைகள் எத்தனை, கிராம சபை எந்தெந்த நாள் கூடும், பட்டா மாறுதலுக்கு யாரிடம் போக வேண்டும் என்று என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். நியூஜெர்சிக்குப் போனவளுக்குச் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார்கள் இங்கே உள்ளவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க மாட்டோமா? மனுவை வாங்க மட்டும் ஒரு ஜன்னல் திறக்க வேண்டும்.

அக்காவுக்கு எதற்கு இந்த வயதில் அமெரிக்கக் குடியுரிமை என்று கேட்பீர்கள். தென்காசியில் இருப்பதற்குத்தான். கிரீன் கார்டு வைத்திருப்பவர் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே தங்கினால் திரும்பும்போது ஆயிரம் கேள்வி. முன்அனுமதி இல்லாமல் ஒரு வருஷம் தாண்டினால் கார்டே சந்தேகம். குடிமகள் ஆகிவிட்டால் வெளிநாட்டுக் குடிமக்களாகிவிட்ட இந்தியர்களுக்கான ஓசிஐ அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஆனிச் சாரலில் வந்து ஐப்பசி அடைமழையும் பார்த்து, கார்த்திகையில் ஐயப்ப சாமிகள் கூட்டம் அருவிக்கரையை நிறைக்கிறவரை இருக்கலாம். இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். ஓட்டு போய்விடும். அப்பா வைத்த நஞ்சையில் அவள் பங்கு அவளுக்கு உண்டு, புதிதாக வயல் வாங்க முடியாது. வயலைக் கேட்டு அவள் ஒன்றும் சொல்லவில்லை. "ஓட்டு போயிருமால?" என்று மூன்று தடவை கேட்டாள்.

இப்போது தினமும் இந்திய நேரம் காலை ஏழு மணிக்கு வாட்ஸப்பில் பாடம். நேர்காணல் தேதி இன்னும் வரவில்லை. புதுப் பட்டியலிலும் அவள் கெட்டிதான். ஒரே ஓர் இடத்தில் ஒரு கள்ளத்தனம் செய்கிறாள், நானும் கண்டுகொள்வதில்லை. குடிமகன் ஆகும்போது எடுக்கும் உறுதிமொழிகளில் இரண்டைச் சொல் என்பது கேள்வி. மற்ற நாடுகளின் மீதான விசுவாசத்தைக் கைவிடுவேன் என்பது விடைகளில் ஒன்று. "சட்டத்தை மதிப்பேன். அரசியல் சட்டத்தைக் காப்பேன்" என்கிறாள் ஒவ்வொரு முறையும். வேறு ஏதாவது தெரியுமா என்று நேற்று சும்மா தூண்டிப் பார்த்தேன்.

"ரெண்டு கேட்டான், ரெண்டு சொல்லியாச்சு" என்றாள். "அருவியில தண்ணி எப்படி விழுது? ஆர்ச்சுக்கு மேல வருதா?"