திரிசூலம் குவாரிப் பள்ளங்களைக் காக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
செயலாளர்,
குடியிருப்போர் நலச் சங்கம்,
ஆதம்பாக்கம், சென்னை.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
செங்கல்பட்டு.

நகல்: புவியியல் மற்றும் சுரங்கத் துறை, தொல்லியல் துறை.

பொருள்: பல்லாவரம் வட்டம், திரிசூலம் கிராமம் – வேலை நின்றுபோன கல்குவாரிகளைக் குப்பை கொட்டி மூடாமல் பாரம்பரியப் பகுதியாகப் பராமரிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

திரிசூலத்துக்காக ஆதம்பாக்கத்துக்காரர்கள் ஏன் மனு கொடுக்கிறார்கள் என்ற கேள்வி எழலாம். எங்கள் பகுதிப் பழைய வீடுகளின் கடைக்காலுக்குக் கருங்கல்லும் தளத்துக்கு ஜல்லியும் பரங்கிமலை, பல்லாவரம், திரிசூலம் பக்கமிருந்துதான் லாரி லாரியாக வந்தன. அந்த மலைகள் கரைந்துதான் எங்கள் தெருக்கள் எழுந்தன. மாவட்ட எல்லை பின்னால் வந்தது.

கொல்கத்தாவில் தூய ஜான் தேவாலய வளாகத்தில் இருக்கும், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல், இந்தப் பக்கத்து மலைகளின் கல்வகைதான். அதை ஆராய்ந்த புவியியலாளர் தாமஸ் ஹாலந்து 1893-இல் இந்தப் பாறைக்குச் சார்னகைட் என்று பெயர் வைத்தார். அண்டார்க்டிகாவில் இதே வகைப் பாறை கிடைத்தாலும் புவியியலார் இந்தப் பெயரைத்தான் எழுதுகிறார்கள். பரங்கிமலைப் பாறையை இந்தியப் புவியியல் ஆய்வு மையம் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. ஆனால் அந்தக் கல்லின் உள்முகத்தைப் பார்க்கக் குவாரிக்குத்தான் போக வேண்டும். வெயில்பட்ட மேல்தோல் பழுப்பு. உடைந்த முகம் எண்ணெய் தடவினாற்போல் நீலச் சாம்பல். வெடிமருந்து வைக்கத் துளையிட்ட தடங்கள் அரைக்குழாய்களாக அதில் நெடுக இறங்குகின்றன. பள்ளத்தை மூடிவிட்டால் மலையின் கதையோடு உழைத்தவர்களின் கதையும் சேர்ந்து மூடப்படும்.

தோண்டிய பள்ளத்திலிருந்து வரலாறு கிடைப்பது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் சரளை வெட்டிய குழியொன்றில்தான் புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழங்கற்காலக் கருவியை எடுத்தார். இந்தியாவின் தொல்பழங்கால ஆய்வு அங்கிருந்து தொடங்குகிறது. திரிசூலத்திலோ குன்றுகளுக்கு நடுவே சோழர் காலக் கல்வெட்டுகளோடு திரிசூலநாதர் கோயில் நிற்கிறது. எதிரே விமான நிலையம். இத்தனையும் இருந்தும் ரயிலில் போகிறவருக்குத் திரிசூலம் என்றால் ஒரு நிறுத்தம், அவ்வளவுதான்.

வேல்ஸ் நாட்டில் பிளேனாவன் என்ற ஊரின் பழைய சுரங்கம், குவாரி, இரும்பாலை எல்லாவற்றையும் சேர்த்து யுனெஸ்கோ 2000-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது. அவ்வளவு பெரிதாக நாங்கள் கேட்கவில்லை.

நாங்கள் முதலில் கேட்பது, பள்ளங்களில் கட்டட இடிபாடும் குப்பையும் கொட்டத் தடை. வருவாய்த் துறை நில அளவையில் குன்று, கல்லாங்குத்து, நீர் நிற்கும் பரப்பு மூன்றையும் தனித்தனியே குறித்து, புறம்போக்கு எதுவும் வேறு பயன்பாட்டுக்கு வகை மாற்றப்படாதபடி பதிவேட்டில் ஏற்ற வேண்டும். தண்ணீரையும் லேசாக நினைக்க வேண்டாம். 2017 வறட்சியில் சிக்கராயபுரம் குவாரித் தண்ணீரைச் சுத்திகரித்துத்தான் சென்னைக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். திரிசூலத்துத் தண்ணீரின் தரத்தையும் ஆழத்தையும் அளந்து வெளியிட வேண்டும்.

வேலி அவசர வேலை. குவாரிக் கரை ஏரிக்கரைபோல் சரிந்து இறங்காது, செங்குத்தாக இறங்கும். பிடித்து ஏற இடமில்லாததால் நீச்சல் தெரிந்த பையன்களே மாட்டிக்கொள்கிறார்கள். துருப்பிடித்த எச்சரிக்கைப் பலகை அவர்களைத் தடுக்காது. கம்பி வேலியும், விடுமுறை நாட்களில் காவலாளும் வேண்டும். செலவுக்கு மாவட்ட கனிம அறக்கட்டளை நிதி இருக்கிறது. சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்கென்றே ஏற்படுத்தப்பட்ட நிதி அது.

கல்லுடைத்த குடும்பங்களை எந்தத் தகவல் பலகையும் சொல்வதில்லை. சம்மட்டி பிடித்தவர்கள், கூடையில் ஜல்லி சுமந்த பெண்கள், கல்தூசி தின்ற நுரையீரல்கள். மிஞ்சியிருக்கும் முதியவர்களின் நினைவுகளைத் தொல்லியல் துறை ஒலிப்பதிவு செய்ய வேண்டும். அவர்களுக்கு நுரையீரல் பரிசோதனை முகாம் நடத்த வேண்டும். வீட்டுமனைப் பட்டா இல்லாதவர்களின் மனுக்களையும் தகுதி பார்த்து முடிக்க வேண்டும். பூங்கா, செல்ஃபி மேடையெல்லாம் அப்புறம்.

வடகிழக்குப் பருவமழையில் பள்ளங்கள் நிரம்பிவிட்டால் ஆழம் பார்க்க முடியாது. ஆகவே செப்டம்பருக்குள் வருவாய், சுரங்கம், தொல்லியல் துறைகளின் கூட்டாய்வுக்கு நாள் குறித்து, திரிசூலம் ஊராட்சியாருடன் எங்கள் சங்கத்தார் இருவரும் உடன்வர அனுமதிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்