காதல் வந்தால் ஆட்டம் நின்றுவிடுமா?

நம் வீட்டுப் பெண் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்ற நமது விசாரணை பெரும்பாலும் பாடப் புத்தகத்தோடு முடிந்துவிடுகிறது. மதிப்பெண் அட்டையைப் பார்க்கிறோம், கையெழுத்துப் போடுகிறோம், அவ்வளவுதான். தலையணைக்கு அடியில் இருக்கும் புத்தகம் தற்செயலாகக் கையில் கிடைத்தால்தான் வீட்டில் பூகம்பம். அப்படிப் பூகம்பம் கிளப்பிய ஒரு புத்தகத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. இரயில்வேயில் தண்டவாளம் பார்த்தே முப்பத்தைந்து வருடம் கழித்தவனுக்கு இளம் பெண்களின் காதல் நாவலைப் பற்றி எழுத என்ன தகுதி என்று சிலர் நினைக்கலாம். படித்துவிட்டு எழுதுகிறேன் என்ற ஒரு தகுதி உண்டு. எதிர்த்துப் பேசிய பலரிடம் அது இல்லை.

புத்தகத்தின் பெயர் ‘டெய்ரி குவீன்’. கேத்தரின் கில்பர்ட் மர்டாக் என்ற அமெரிக்கப் பெண்மணி எழுதியது, 2006-இல் வெளிவந்தது. பெங்களூரில் இருக்கும் என் பேத்தி பள்ளி அணியில் கால்பந்து ஆடுகிறாள். அவளுடைய தோழி கொடுத்த புத்தகம் இது. மருமகள் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மாரிகுப்பத்துக்குப் போன் போட்டாள். “மாமா, விளையாட்டுக் கதைன்னு சொல்லி வாங்கிட்டு வந்திருக்கா. உள்ளே பூரா லவ்வு. இவ பத்தாவது படிக்கிறா. கிரவுண்டுக்கும் வேணாம், இந்தப் புக்கும் வேணாம்னு சொல்லிட்டேன். நீங்க சொன்னாத்தான் கேப்பா.” நான் ஒன்றும் சொல்லவில்லை. புத்தகத்தை அனுப்பச் சொன்னேன்.

கதை இதுதான். விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு பால் பண்ணை. அப்பாவுக்கு இடுப்பில் கோளாறு, வேலை செய்ய முடியாது. பெரிய அண்ணன்கள் இருவரும் கால்பந்தில் பேர் எடுத்தவர்கள், அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டுப் பக்கம் வருவதில்லை. தம்பி வாயைத் திறந்து பேசுவதே அபூர்வம். ஆக, விடியுமுன் எழுந்து மாடு கறப்பதிலிருந்து வைக்கோல் கட்டுவது வரை எல்லாம் டி.ஜே. என்ற பதினைந்து வயதுப் பெண்ணின் தலையில். வேலைச் சுமையில் பள்ளியில் ஆங்கிலப் பாடத்தில் தோற்றுப்போகிறாள். அந்தக் குறையைத் தீர்க்க ஆசிரியைக்கு எழுதிக் கொடுக்கும் கட்டுரையாகத்தான் நாவலே அமைந்திருக்கிறது.

பக்கத்து ஊர்ப் பள்ளி அணிப் பையன் பிரையன். சொகுசாக வளர்ந்தவன், உழைப்பு போதாது என்று அவனுடைய பயிற்சியாளர் அவனை இந்தப் பண்ணைக்கு வேலைக்கு அனுப்புகிறார். டி.ஜே. அவனுக்குப் பயிற்சி கொடுக்கிறாள். கொடுக்கக் கொடுக்க, நாமே ஏன் ஆடக்கூடாது என்று அவளுக்குத் தோன்றுகிறது. தன் பள்ளியின் ஆண்கள் அணியில் சேர்ந்துவிடுகிறாள். பிரையனுடைய அணிக்கு எதிர் அணி! அதை அவனிடம் சொல்லாமல் மறைப்பதில்தான் சிக்கல்.

இங்கே ஒரு சிறு விளக்கம். அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று சொல்வது நம் கால்பந்து இல்லை. நீள்வட்டப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள், ஹெல்மெட் போட்டு ஒருவர் மேல் ஒருவர் மோதுவார்கள். காலுக்கு அதிக வேலை இல்லாத ஆட்டத்துக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதை அவர்களிடம்தான் கேட்க வேண்டும். நமக்கு முக்கியம், அத்தனை முரட்டு ஆட்டத்தில் ஒரு பெண் இறங்குகிறாள் என்பது.

மருமகள் சொன்ன ‘லவ்வு’ இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் பெண் பிரையனுக்காக ஒரு நாள்கூட மாடு கறக்காமல் இருந்ததில்லை. அவனைப் பிடித்துப்போனது என்பதற்காகப் பந்தயத்தில் விட்டுக்கொடுக்கவும் இல்லை. நம் திரைப்படங்களில் நாயகிக்குக் காதல் வந்த மறு நிமிடம் வேறு வேலையே கிடையாது, பாட்டுத்தான். அதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கும் நாம், காதலையும் வேலையையும் ஒன்றாகச் சுமக்கும் ஒரு பெண்ணின் கதையைக் கண்டு மிரளுவது வேடிக்கை.

இதன் தொடர்ச்சியாக 2007-இல் வந்த ‘தி ஆஃப் சீசன்’ என்ற இரண்டாம் பாகத்தையும் வாங்கிப் படித்தேன். அதில் டி.ஜே.க்குத் தோளில் அடிபடுகிறது. அண்ணனுக்கோ ஆட்டத்தில் கழுத்தெலும்பு முறிந்து, உடம்பு செயலற்றுப் போகிறது. விளையாட்டு என்றால் மாலையும் மேளமும் மட்டும் என்று அந்த அம்மையார் பொய் சொல்லவில்லை. அடிபட்டால் என்ன ஆகும் என்று அஞ்சும் தாய்மார்களும் படிக்க வேண்டிய புத்தகம்.

எல்லாப் புத்தகத்துக்கும் இதே சான்றிதழ் தர முடியாது. 2011-இல் மிராண்டா கென்னலி எழுதிய ‘கேட்சிங் ஜோர்டன்’ என்ற நாவலிலும் ஒரு பெண் பள்ளி அணித் தலைவி. நன்றாகத்தான் ஆரம்பிக்கிறது. போகப்போக இவனா அவனா என்ற குழப்பத்தில் ஆட்டம் பின் இருக்கைக்குப் போய்விட்டது. மாறாக, யாமிலே சயீத் மெண்டெஸ் எழுதிய ‘ஃபூரியா’ (2020) என்ற நாவலை நான் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்வேன். அர்ஜெண்டினாவின் ரொசாரியோ நகரம், நம் கால்பந்து, வீட்டுக்குத் தெரியாமல் ஆடும் கமிலா என்ற பதினேழு வயதுப் பெண். கை நீட்டும் அப்பா. அண்ணன் ஆடினால் பெருமை, தங்கை ஆடினால் அவமானம். காதலனோ இத்தாலியில் புகழ்பெற்ற அணியில் ஆடும் பையன், தன்னோடு வந்துவிடு என்கிறான். அவளுக்கு அவன் மேல் உயிர்தான். ஆனாலும் அவன் பின்னால் போகாமல் தன் ஆட்டத்தின் பின்னால் போகிறாள். வரதட்சணைக்குப் பயந்து பத்தொன்பதில் கட்டிக்கொடுக்கும் ஊர்களில் இந்தக் கதையைச் சத்தமாகப் படிக்க வேண்டும்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். தங்கவயலுக்குக் கால்பந்தைக் கொண்டுவந்தவர்கள் ஆங்கிலேயர்கள். ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கம் தோண்டிய காலத்தில் துரைமார் ஆட, லைன் வீட்டுத் தமிழர்கள் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். அந்த இங்கிலாந்திலேயே பெண்கள் கால்பந்து எப்படி இருந்தது தெரியுமா? 1920 டிசம்பர் 26-ஆம் தேதி லிவர்பூல் நகரின் குடிசன் பார்க் மைதானத்தில் ‘டிக், கெர் லேடீஸ்’ என்ற தொழிற்சாலைப் பெண்கள் அணி ஆடியதைப் பார்க்க 53,000 பேர் கூடினார்கள். அடுத்த வருடமே, 1921 டிசம்பரில், ஆங்கிலக் கால்பந்துச் சங்கம் தன் மைதானங்களில் பெண்கள் ஆடத் தடை போட்டது. பெண்களுக்குப் பொருந்தாத ஆட்டமாம். அந்தத் தடை நீங்க ஏறத்தாழ ஐம்பது வருடம் ஆயிற்று. பெண் பிள்ளை பந்து உதைப்பது நம் பண்பாட்டுக்கு ஒத்துவராது என்று சொல்லும் பெரியவர்கள், அந்தப் பண்பாடு எந்தக் கப்பலில் வந்தது என்று ஒரு முறை யோசிக்கலாம்.

என் தங்கையைப் பற்றி ஒரு வார்த்தை. 1970-களில் மாரிகுப்பத்தில் சயனைட் மேட்டுக்குக் கீழே நாங்கள் பையன்கள் ஆடும்போது அவளும் சேர்ந்துகொள்வாள். இடது காலால் அவள் அடிக்கும் பந்தை எங்களில் யாராலும் தடுக்க முடியாது. பெரியவளான வாரம் அவளுக்குப் பச்சைத் தாவணி எடுத்தார்கள், அதோடு ஆட்டம் முடிந்தது. யாரும் கோபமாக ஒன்றும் சொல்லவில்லை, அவளும் அழவில்லை. சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்ததற்குச் சங்கு ஊதியது போல, அவ்வளவு இயல்பாக நடந்தது. இன்று சேலத்தில் பேரன் பேத்தியோடு இருக்கிறாள். தொலைக்காட்சியில் பெண்கள் கால்பந்து ஓடினால் சமையலை நிறுத்திவிட்டுப் பார்ப்பாள் என்று மைத்துனர் சொன்னார்.

தங்கைக்குக் கிடைக்காதது சில பெண்களுக்காவது கிடைத்திருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு கடலூரில், அரசு இல்லத்தில் வளர்ந்த பெண் குழந்தைகளுக்கு மாரியப்பன் என்ற பயிற்சியாளர் பந்து கொடுத்து ஆடப் பழக்கினார். அங்கிருந்து இந்திய அணி வரை போனவர்கள் உண்டு. அதே கடலூர்ப் பெண் இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்கு ஆடியவர், தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். 2018-இல், அதிக முறை தேசியப் பட்டம் வென்ற மணிப்பூரையே இறுதியாட்டத்தில் 2-1 என்று வென்று தமிழ்நாடு பெண்கள் அணி கோப்பையைத் தூக்கியது. 2019-இல் மதுரையின் சேது எஃப்.சி. இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. 2023-இல் ஹரியானாவை வென்று தமிழ்நாடு மறுபடியும் தேசியப் பட்டம் பெற்றது. கிரிக்கெட்டில் யார் எத்தனை ஓட்டம் எடுத்தார் என்று நம் பையன்கள் மனப்பாடமாகச் சொல்லுவார்கள். இந்துமதி யார் என்று கேட்டுப் பாருங்கள்!

இந்தப் பெண்களை வைத்துத் தமிழில் என்ன கதை வந்தது? 2019-இல் ‘பிகில்’ வந்தது. விஜய் படம், நம் கோலாரிலும் கூட்டம் அலைமோதியது. பெண்கள் கால்பந்து என்ற சொல்லையே பல வீடுகளுக்குள் கொண்டுபோனதற்கு அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அது பயிற்சியாளருடைய கதை. பெண்கள் அழுவதும் எழுவதும் அவர் சொல்லித்தான். இந்தியில் 2007-இல் வந்த ‘சக் தே இந்தியா’ ஹாக்கிப் படமும் அப்படியே. அந்தப் பெண்ணே ‘நான்’ என்று ஆரம்பித்துச் சொல்லும் கதை வேண்டும். மாதவிலக்கு நாளில் பந்தயம் வந்தால் என்ன செய்தாள், வெயிலில் கறுத்துப்போனதற்கு அத்தை என்ன சொன்னாள், எதிர் வீட்டுப் பையன் வேடிக்கை பார்த்தபோது பந்து ஏன் தவறியது, இதையெல்லாம் பயிற்சியாளர் சொல்ல முடியாது. எங்கள் ஊர் நூலக அலமாரியில் விடலைப் பெண்ணுக்கென்று தமிழில் இருப்பவை சமையல் குறிப்பும் பொது அறிவுக் களஞ்சியமும்தான். பிறகு, பிள்ளைகள் ஆங்கிலத்திலேயே படிக்கிறார்கள், தமிழ் அழிகிறது என்று ஒவ்வொரு பொங்கல் விழா மேடையிலும் வருத்தப்படுகிறோம்.

ஊர் விட்டு வந்து வாழும் குடும்பங்களுக்கு இதில் ஒரு கூடுதல் பயம் உண்டு, அதைக் கேலி செய்ய மாட்டேன். வேறு மொழிக்காரர் நடுவில் இருக்கும்போது பெண் பிள்ளைதான் நம் மானம் என்று தோன்றிவிடுகிறது. குரிந்தர் சத்தா 2002-இல் எடுத்த ‘பெண்ட் இட் லைக் பெக்கம்’ படத்தில் இலண்டன் பஞ்சாபிக் குடும்பம் ஒன்று இதே பயத்தோடு மகளைத் தடுக்கிறது. அந்த அப்பா நைரோபியில் நல்ல கிரிக்கெட் ஆட்டக்காரர், இங்கிலாந்தில் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. தான் பட்ட அவமானம் மகளுக்கு வேண்டாம் என்பதுதான் அவர் கவலை. நம் தந்தையர் பலரும் அந்த ரகம்.

நியாயமான பயங்களும் இருக்கின்றன. 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடிய பிறகு தங்கவயலில் பாதி வீடுகள் விடியற்காலை வண்டியில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவு திரும்புகின்றன. பள்ளி விட்டதும் மைதானத்துக்குப் போகும் பெண்ணை யார் கூட்டி வருவது? மைதானத்தில் கழிப்பறை எங்கே? உடை மாற்ற அறை எங்கே? தண்டவாளத்தில் விரிசல் என்றால் அங்கே வேகத்தைக் குறைத்து வண்டியை அனுப்பிவிட்டு விரிசலைச் சரி செய்வோம், பாதையையே பிடுங்கி எறிவதில்லை. கழிப்பறை இல்லை என்றால் கழிப்பறை கேட்க வேண்டும், ஆட்டத்தை நிறுத்தக் கூடாது.

காதல் பயத்துக்கு மட்டும் என்னிடம் வைத்தியம் இல்லை. பதினைந்து வயதில் அது மைதானத்துக்குப் போனாலும் வரும், டியூஷனுக்குப் போனாலும் வரும், வீட்டு மாடியில் துணி காயப்போடும்போதும் வரும். வரும்போது அந்தப் பெண்ணுக்குத் தன்னுடையது என்று சொல்ல வேறு ஏதாவது இருக்கிறதா என்பதுதான் கேள்வி. டி.ஜே.க்குப் பண்ணையும் ஆட்டமும் இருந்தன. கமிலாவுக்குப் பந்து இருந்தது. மருமகளிடம் இதைத்தான் சொன்னேன். “நீங்களே இப்படிப் பேசினா எப்படி மாமா” என்றாள். பிறகு புத்தகத்தைத் தான் படிக்கப்போவதாகச் சொன்னாள். பேத்தி இப்போது வாரத்தில் மூன்று நாள் மைதானத்துக்குப் போகிறாள். நான்காவது நாளைப் பற்றிப் பேச்சுவார்த்தை நடக்கிறது.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். பொங்கல் விளையாட்டு விழாவில் வழக்கமாக ஆண் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட், பெண் பிள்ளைகளுக்குக் கோலமும் இசை நாற்காலியும். கோலம் இருக்கட்டும், கூடவே பதினாறு வயதுக்குட்பட்ட பெண்களுக்குக் கால்பந்தும் வைக்க வேண்டும். சிறுகதைப் போட்டியில் ‘விளையாடும் பெண்’ என்ற தலைப்பில் மாணவிகளே எழுதும் கதைகளுக்கு ஒரு தனிப் பரிசு கொடுக்க வேண்டும். கதையில் காதல் வந்தால் நடுவர்கள் சிவப்பு மை அடிக்கக் கூடாது. இந்த இரண்டையும் விழாக் குழுக் கூட்டத்தில் வைக்கும்படி செயலாளருக்குக் கடிதம் கொடுத்துவிட்டேன். பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப் போய்க் கூட்டி வர எங்கள் தெருவில் இரண்டு தாய்மார்கள் முன்வந்திருக்கிறார்கள். பந்தும் வலையும் என் செலவு.