யாருடைய பாதுகாப்பு?

‘சர்வதேசப் பாதுகாப்பு’ என்னும் தொடர் நமது விரிவுரை மண்டபங்களிலே ஓயாது ஒலிக்கின்றது. கடற்பாதைகள், படைத்தளங்கள், வல்லரசுச் சமநிலை என்றெல்லாம் பேசுகின்றோம். ஆயின், அப்பாதுகாப்பு யாருக்குரியது என்று வினவுவோர் மிகச் சிலரே. அவ்வினாவை வன்னி மண்ணில் நின்று எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கிளிநொச்சி மாவட்டத்தின் வட எல்லையிலே, ஏ-9 வீதியோரம், முகமாலை இருக்கின்றது. போர்க்காலத்தில் இரு தரப்பினரதும் முன்னரங்குகள் அங்கே எதிரெதிராக நின்றன. இரு தரப்பினரும் மிதிவெடிகளைப் புதைத்தனர். 2009இல் போர் முடிவுற்றது. மிதிவெடிகள் மண்ணுள் எஞ்சின. படைவீரனையும் விறகு பொறுக்கச் செல்லும் பெண்ணையும் அவை வேறுபடுத்தி அறிவதில்லை.

இவற்றை அகற்றுவதற்குப் பெருநிதி வழங்கிய நாடுகளுள் ஐக்கிய அமெரிக்கா முதன்மையானது. அதனை மறுப்பது நன்றியின்மையாகும். ஆனால் கொடை வேறு, கொள்கை வேறு. மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கை 1997இல் கைச்சாத்திடப்பட்டது. 150க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இணைந்தன; இலங்கையும் 2017 டிசெம்பரில் இணைந்தது. அமெரிக்கா இன்றுவரை இணையவில்லை. 2024 நவம்பரில் உக்ரேனுக்கு மிதிவெடிகளை வழங்கவும் அது தீர்மானித்தது. ஒரு கை வெடியை அகற்றப் பணம் தருகின்றது. மறு கை புதைக்க வெடி தருகின்றது.

ரஷ்யாவும் சீனாவும் இந்தியாவுங்கூட இணையவில்லையே என்பர் சிலர். மெய்தான். ஆயின், விதிகளின் வழி நடக்கும் உலகைப் பற்றிப் பிறருக்குப் பல்லாண்டு போதித்தது வாஷிங்டனே. போதித்தவரை அவர் போதனைகொண்டே அளப்பது முறையாகும். படையெடுக்கப்பட்ட உக்ரேனுக்கு வேறு வழி யாது என்று கேட்போரும் உளர். முகமாலையில் வெடி புதைத்தோரும் தற்காப்பு என்னும் இதே நியாயத்தையன்றோ கூறியிருப்பர்? போர் ஓய்ந்தபின் நியாயம் அகன்றுவிடும், வெடி தங்கிவிடும்.

2025 ஜனவரியில் வாஷிங்டனின் புதிய நிருவாகம் வெளிநாட்டு உதவிகளை 90 நாட்களுக்கு நிறுத்திவைத்தது. மிதிவெடி அகற்றும் பணிகளுக்கான நிதியும் அதில் அடங்கிற்று. ஒரு கையொப்பத்தால் நின்றுபோகக்கூடியது உதவியாகலாம், பாதுகாப்பு ஆகாது.

எனவே, நண்பர்களே, வல்லரசுகளை மீட்பர்களாக எண்ணிக் காத்திருக்கும் மனப்பாங்கைக் கைவிடுவோம். 2028 யூன் மாதத்துக்குள் தன் நிலத்தைத் துப்புரவாக்குவது உடன்படிக்கையின்படி இலங்கை அரசின் கடப்பாடாகும். கொடையாளியிடம் வேண்டுதலே செய்யலாம்; கடப்பாடுடையவரிடம் உரிமையோடு கேட்கலாம். அக்கேள்வியை முதலிற் கொழும்பிடமும், பின்னர் வாஷிங்டனிடமும் மாணவராகிய நாமே எழுப்புதல் வேண்டும். முகமாலை மணலிலே ஒரு சிறுவன் வெறுங்காலுடன் அச்சமின்றி நடப்பானா என்பதே பாதுகாப்புக்கு நாம் வைக்கும் உரைகல்லாகட்டும்.