பழைய அம்பாசடர் வச்சிருக்கீங்களா? பாலிசியை எடுத்துப் பாருங்க

உங்க வீட்டுல அப்பாவோ தாத்தாவோ வாங்கின அம்பாசடர், பத்மினி, ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஏதாவது நிக்குதா? அதுல எஞ்சின், பிரேக்குன்னு எதையாவது மாத்தியிருக்கீங்களா? அப்போ இந்த இழை உங்களுக்குத்தான். கொஞ்சம் நீளம், கொஞ்சம் கோபம். பொறுத்துக்கங்க.

போன வருஷம் கீரனூர் தாண்டி ரோட்டோரம் டீ குடிக்க நிறுத்தியிருந்த எங்க அப்பாவோட 1986 மாடல் அம்பாசடரை ஒரு லாரி பின்னால இடிச்சுட்டுப் போயிடுச்சு. வண்டி நின்னுட்டு இருந்துச்சு. உள்ள யாரும் இல்ல. டிக்கி நசுங்கினதோட சரி.

ஃபுல் கவர் இருந்துச்சு. அதை வாங்கவே நாலு ஆபீஸ் படியேறினது தனிக்கதை. கிளைம் போட்டேன். சர்வேயர் வந்தார், பின்பக்கத்தை ரெண்டு நிமிஷம் பார்த்தார், "பானட்டைத் திறங்க டாக்டர்"னார். முன்னால டிஸ்க் பிரேக், பவர் ஸ்டீயரிங், உள்ள சீட் பெல்ட். எல்லாத்தையும் போட்டோ எடுத்தார். ரெண்டு வாரத்துல கடிதம்: தெரிவிக்காத மாற்றங்கள், கிளைம் நிராகரிப்பு.

நாங்க மரணச் சான்றிதழ் எழுதும்போது, மரணத்துக்குக் கொண்டுபோன காரண வரிசை ஒரு பகுதியில வரும், கூட இருந்த மத்த நோய்கள் இன்னொரு பகுதியில வரும். பாம்பு கடிச்சு இறந்தவருக்குச் சர்க்கரை நோய் இருந்துச்சுன்னா சர்க்கரையை முதல் காரணமா எழுத முடியாது. நின்ன வண்டியோட டிக்கி நசுங்கினதுக்கு முன் சக்கர பிரேக் எப்படிங்க காரணமாகும்?

இன்னொண்ணு. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு 'மாற்றம்'னு எதைச் சொல்லுது? வண்டியோட கட்டமைப்பை மாத்தி, அதனால அடிப்படைத் தன்மையே மாறுறதை. சீட் பெல்ட் போட்டா அம்பாசடர் வேற வண்டி ஆயிடுமா?

"சொல்லியிருக்கணுமே"ம்பீங்க. சரி, என் தப்பு அதுல உண்டு. ஏஜென்ட் கேட்டது ஆர்.சி. போட்டோவும் போன்ல வந்த ஓ.டி.பி.யும்தான். நானும் குடுத்துட்டு ஓ.பி. பார்க்கப் போயிட்டேன். ஆனா வருஷா வருஷம் பணம் வாங்கும்போது திறந்து பார்க்காத பானட்டை, பணம் தரும்போது மட்டும் ஏன் திறக்குறாங்க?

மருத்துவக் காப்பீட்டுல தொடர்ந்து 60 மாசம் கட்டிட்டா, மோசடி தவிர, "அன்னைக்கு நீ சொல்லலை"ன்னு மறுக்க முடியாது. 2024-ல ஐ.ஆர்.டி.ஏ.ஐ. எட்டு வருஷமா இருந்ததை அஞ்சாக் குறைச்சது. காருக்கு அப்படி ஒரு எல்லைக்கோடே கிடையாது.

கம்பெனி பக்கம் நியாயமே இல்லைன்னு சொல்லல. எஞ்சினையே மாத்திட்டு வாயைத் திறக்காதவங்க நம்ம ஊர்லயும் இருக்காங்க. அம்பாசடரோட பழைய பெட்ரோல் எஞ்சின் 1489 சி.சி. இசுசூ பெட்ரோல் எஞ்சின் 1817. மூன்றாம் நபர் பிரீமியம் 2022 அறிவிப்புப்படி 1500 சி.சி. வரை 3,416 ரூபாய், அதுக்கு மேல 7,897. ஆர்.சி.யில ஏத்தாம ஓட்டினா பாதிக்கும் கீழ கட்டுறீங்க. அது ஏமாத்து வேலை. உற்பத்தியாளர் விவரத்துக்கு முரணா மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் சொல்லிடுச்சு.

ஆனா என்னோட வண்டிக்கு வழியே இல்ல. 2021 விதிப்படி 'விண்டேஜ்'னா 50 வயசு ஆகணும், ஒரிஜினலா இருக்கணும், தினசரி ஓட்டக் கூடாது. அதுக்கு மூன்றாம் நபர் பிரீமியம்ல பாதி தள்ளுபடி. அரிமளம், திருமயம் பக்கம் பெரிய வீட்டுக் கொட்டகையில துணி போத்தி நிக்கிற காருக்கு மரியாதை. பெல்ட்டும் நல்ல பிரேக்கும் போட்டு பொண்டாட்டி புள்ளையைக் கூட்டிட்டுப் போற 1986 காருக்கு நிராகரிப்புக் கடிதம்.

பணம் போனது போகட்டும். கேஷுவாலிட்டியில ஸ்டீயரிங்ல நெஞ்சு மோதி வர்றவங்களுக்கு ஏ.ஆர். எழுதுறவன் நான். "பெல்ட் போட்டிருந்தீங்களா?"ன்னு கேட்டா, "பழைய வண்டி சார், பெல்ட்டே இல்ல"ம்பாங்க. இந்தக் கடிதத்தைப் பார்த்த என் மெக்கானிக் சொன்னார்: "பேசாம கழட்டிருங்க சார், கிளைம் கிடைக்கும்." இதைத்தான் கம்பெனி ஊருக்குச் சொல்லிக்குடுக்குது.

நீங்க செய்ய வேண்டியது: எஞ்சின் மாதிரி பெரிய மாற்றம்னா முதல்ல ஆர்.டி.ஓ. அனுமதி, மாத்தி 14 நாளுக்குள்ள தெரிவிச்சு ஆர்.சி.யில ஏத்திருங்க. ரின்யூவலுக்கு முன்னாடி எல்லா மாற்றத்தையும் போட்டோவோட மெயில்ல எழுதுங்க, ஏஜென்ட்கிட்ட வாய்மொழியா வேண்டாம். அஞ்சு வருஷம் தாண்டின வண்டிக்கு மதிப்பு, நீங்களும் கம்பெனியும் பேசி ஒத்துக்கிறதுதான். அவங்க போடுற தொகைக்குத் தலையாட்டாதீங்க.

மறுத்துட்டாங்களா? முதல்ல கம்பெனிக்கே எழுத்துல புகார். ஒரு மாசத்துல சரியான பதில் இல்லைன்னா சென்னை இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேன். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், ஆனா ஒரு வருஷத்துக்குள்ள போகணும். பாலிசி நிபந்தனை மீறினதுக்காக கிளைமை முழுசா மறுக்க முடியாதுன்னு சொன்ன 2010 அமலேந்து சாகு வழக்கையும் சேர்த்து எழுதுங்க. அது வாடகைக்கு விட்ட கார் வழக்கு. இருந்தாலும் வாதம் பொருந்தும்.

என் மனு போன வாரம் போயிருக்கு. பெல்ட்டைக் கழட்டல. பதில் வந்ததும் இதுக்குக் கீழயே போடுறேன். உங்ககிட்ட இதே மாதிரி கடிதம் இருந்தா, பேரும் பாலிசி நம்பரும் மறைச்சுட்டுப் போடுங்க.