அழற்சி என்ற ஒரே சொல்

சென்ற மாதம் என் மேசைக்கு வந்த ஒரு மருந்துச் சீட்டில் ஒலான்சபின் 15 மி.கி., அதன் கீழே மினோசைக்ளின். உடன் இணைத்திருந்த ரத்தப் பரிசோதனைத் தாளில் சி.ஆர்.பி. 9, அதைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். மனச்சிதைவுக்கு ஒரு மாத்திரை, ‘மூளை அழற்சி’க்கு இன்னொன்று என்று வீட்டாருக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. “அப்போ ஸ்கேன்ல வீக்கம் தெரியுமா டாக்டர்?” என்று அந்த அம்மா கேட்டார். சட்டென்று பதில் வரவில்லை. சீட்டு எழுதியவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நம் கூட்டங்களில் நாமே வளர்த்துவிட்ட குழப்பம் இது. இந்நோயில் நோயெதிர்ப்பு மண்டலத்துக்குப் பங்குண்டு என்பதையும், நோயாளியின் மூளையில் அழற்சி இருக்கிறது என்பதையும் ஒன்றாகவே பேசி வருகிறோம்.

முதல் கூற்றுக்கு நல்ல சான்று உண்டு. 2009-இல் வெளிவந்த மரபணுத்தொகுதி ஆய்வுகள் ஆறாம் குரோமோசோமின் எம்.எச்.சி. பகுதியைச் சுட்டிக்காட்டின. அங்கே நோயெதிர்ப்பு மரபணுக்கள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. எது பொறுப்பு என்று பிரித்தறிய ஏழாண்டு ஆயிற்று. 2016-இல் ஸ்டீவன் மெக்கரோலும் பெத் ஸ்டீவன்சும் சேர்ந்த குழு, அந்தச் சுட்டலின் ஒரு பங்கை சி4 என்னும் காம்ப்ளிமென்ட் மரபணுவில் கொண்டுபோய் நிறுத்தியது. சி4ஏ அதிகம் உருவாகும் வடிவங்களைப் பெற்றவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு சற்றே கூடுகிறது. கிருமியின் மேல் குறியிட்டு விழுங்கும் செல்களுக்குக் காட்டிக்கொடுக்கும் புரதம்தான் இது. வளரும் எலி மூளையில் இதே புரதம் வேண்டாத சினாப்சுகளை நீக்கவும் துணைபோகிறது. மைக்ரோகிளியா வந்து அவற்றை விழுங்கிவிடுகிறது. களையெடுக்க வந்த ஆள் நாற்றையும் சேர்த்துப் பிடுங்கினால் வயல் என்ன ஆகும்? நோய் ஏன் பதின்வயது முடிவில் தலைகாட்டுகிறது என்பதற்கு, மனிதரிடம் இன்னும் முழுதாக நிறுவப்படாவிட்டாலும், எனக்குப் பிடித்த விளக்கம் இதுவே. ஆனால் இதில் காய்ச்சலும் இல்லை, வீக்கமும் இல்லை. அழற்சி என்ற சொல்லுக்கே இங்கு வேலையில்லை. முப்பத்தைந்து வயதில் நம்முன் வந்து உட்காருபவருக்கு அந்தக் களையெடுப்பின் பெரும்பகுதி முடிந்து ஆண்டுகள் பல ஆகியிருக்கும்.

இரண்டாம் கூற்றின் நிலை வேறு. டென்மார்க் பதிவேடுகளை வைத்து 2011-இல் வெளிவந்த ஆய்வில், தொற்றுக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்கு மனச்சிதைவு வரும் வாய்ப்பு 60 விழுக்காடும், தன்னெதிர்ப்பு நோய் இருந்தவர்களுக்கு 29 விழுக்காடும் கூடுதலாக இருந்தது. பிரிட்டனின் ஏவன் பகுதிப் பிள்ளைகளில், 9 வயதில் இன்டர்லூக்கின்-6 மிகுந்திருந்தவர்களிடம் 18 வயதில் சைக்கோசிஸ் அனுபவங்கள் அதிகம் காணப்பட்டன. அதே நேரத்தில், ருமட்டாய்டு மூட்டுவாதம் மட்டும் நம் நோயாளிகளிடம் குறைவாகவே தென்படுகிறது என்பது பழைய புதிர். இவையெல்லாம் கூட்டத்தைப் பற்றிய செய்திகள். எதிரே இருக்கும் ஒருவரின் சி.ஆர்.பி. 9 என்றால், அதற்கு அவருடைய மூளைதான் காரணம் என்று எப்படிச் சொல்வது? ஒலான்சபினால் ஏறிய எடையாக இருக்கலாம், நாளுக்கு ஒரு கட்டு பீடியாக இருக்கலாம், யாரும் வாயைத் திறந்து பார்க்காத ஈறு நோயாகவும் இருக்கலாம்.

மருந்துச் சோதனைகளும் இதையே சொல்கின்றன. மினோசைக்ளின் பற்றிய சிறு ஆய்வுகள் நம்பிக்கை தந்தது உண்மை. ஆனால் பிரிட்டனில் நோய் தொடங்கி ஐந்தாண்டுக்குள் இருந்த 207 பேருக்கு ஓராண்டு நடந்த பெனிமின் சோதனையில், போலி மாத்திரையைவிட அது எதையும் கூடுதலாகச் சாதிக்கவில்லை. 2018-இல் முடிவு வந்துவிட்டது. சீட்டுகளுக்குத்தான் இன்னும் போய்ச் சேரவில்லை. இன்டர்லூக்கின்-6 ஏற்பியைத் தடுக்கும் டோசிலிசுமாபும் 36 பேர் கொண்ட சோதனையில் பயன் தரவில்லை. இவ்விரண்டிலும் அழற்சி உள்ளவர்கள் யார் என்று பிரித்து எடுக்கவில்லை என்ற வாதம் நியாயமானது. மனச்சோர்வில் 60 பேருக்கு இன்ஃப்ளிக்சிமாப் கொடுத்த 2013 ஆய்விலும் மொத்தத்தில் பயனில்லை, சி.ஆர்.பி. உயர்ந்திருந்தவர்களிடம் மட்டும் சற்றுப் பயன் தெரிந்தது. அப்படிப் பிரித்து நடத்தும் சோதனை மனச்சிதைவில் வெற்றி பெறட்டும், அப்போது சீட்டில் எழுதுவோம்.

உண்மையிலேயே அழற்சியைத் தேட வேண்டிய இடங்களை இதற்கிடையில் கோட்டைவிடுகிறோம் என்பதுதான் என் பெரிய கவலை. ஜோசப் டால்மோவின் குழு என்.எம்.டி.ஏ. ஏற்பி எதிர்ப்பு மூளையழற்சியை விவரித்தது 2007-இல். சில நாட்களிலேயே முற்றும் மனக்குழப்பம், பேச்சு குன்றுதல், கேட்டடோனியா, வாய்-முகக் கோணல் அசைவுகள், வலிப்பு, தாறுமாறாகும் நாடித்துடிப்பு, சிறிதளவு ஹாலோபெரிடாலுக்கே விறைத்துப்போகும் உடல்: இவற்றில் சில சேர்ந்தாலே நரம்பியல் மருத்துவரை அழைத்துத் தண்டுவட நீரை எடுக்க வேண்டும், இளம்பெண் என்றால் சூலகத்தில் டெரட்டோமா உண்டா என்று ஸ்கேன் பார்க்க வேண்டும். குணமாகக்கூடிய நோய் இது.

சி.ஆர்.பி.க்கு நம் வார்டில் வேலையில்லை என்று சொல்ல வரவில்லை. குளோசபின் தொடங்கிய முதல் நான்கு வாரம் அதை ட்ரோபோனினுடன் வாரந்தோறும் பார்த்தால் இதயத்தசை அழற்சி முன்பே பிடிபடும். பின்னாளிலும், காய்ச்சல் என்று வந்தால் வெள்ளணுக்களை எண்ணுவதோடு நாம் நின்றுவிடுகிறோம். தொற்றின்போது பெருகும் சைட்டோகைன்கள் குளோசபினைச் சிதைக்கும் 1ஏ2 நொதியை அடக்குவதால், அதே மாத்திரையிலேயே ரத்தத்தில் மருந்தின் அளவு இரண்டு மூன்று மடங்காகலாம். நிமோனியாவுக்கு வேறு வார்டில் படுத்திருப்பவர் மயங்கிக் கிடப்பது காய்ச்சலால்தான் என்று விட்டுவிடாமல், நாமே போய் குளோசபின் அளவைக் குறைக்க வேண்டும்.

அந்த அம்மாவிடம், “ஸ்கேன்ல பார்க்கிற மாதிரி வீக்கம் எதுவும் இல்லைம்மா. அந்த ரெண்டாவது மாத்திரை வேண்டாம், முதல் மாத்திரையை நிறுத்திடாதீங்க” என்றேன். இரண்டையுமே நிறுத்திவிட்டு ‘வீக்கம் வடிய’ வேறு வைத்தியம் பார்க்கலாமா என்றுதான் அவர் யோசித்துக்கொண்டிருந்தாராம்.

அடுத்த இதழிலிருந்து ஒரு மாற்றம். சி.ஆர்.பி. அளவைக் குறிப்பிட்டு எழுதப்படும் கட்டுரைகளில் நோயாளிகளின் எடை, இடுப்புச் சுற்றளவு, பீடி சிகரெட் எண்ணிக்கை, ஈறுகளின் நிலை ஆகியவையும் இருக்க வேண்டும். இல்லாதவற்றை மதிப்பீட்டாளருக்கு அனுப்பாமல் அப்படியே திருப்பி அனுப்புவோம்.