இரண்டு சொற்களைக் காணோம்

சனிக்கிழமை தபாலில் மலர் வந்தது. ஒரு பெண்கள் அமைப்பின் வெள்ளிவிழா மலர். உலகத்துப் பெண்கள் ஓட்டுரிமை பெற்ற கதையை மூன்று பக்கத்துக்குள் எழுதித் தரக் கேட்டிருந்தார்கள். சொன்ன தேதிக்கு முன்பே எழுதிக் கொடுத்தேன். நல்ல தாள், சுத்தமான அச்சு. என் கட்டுரையைத் திருப்பினேன். முதல் பத்தியிலேயே நெஞ்சு எரிந்தது: "1893இல் நியூசிலாந்தில் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கப்பட்டது."

'வழங்கப்பட்டது' என்ற சொல்லோடு எனக்குள்ள தகராறு இந்தப் பத்தியின் பழைய வாசகர்களுக்குத் தெரியும். பட்டா வழங்கப்பட்டது, குடிநீர் வழங்கப்பட்டது என்று செய்திக் குறிப்புகள் எழுதுவதைப் பற்றி இரண்டு வாரம் விடாமல் எழுதியிருக்கிறேன். கேட்டவர்களை, அலைந்தவர்களை, நடையாய் நடந்தவர்களை எல்லாம் விழுங்கிவிட்டுக் கொடுத்த கையை மட்டும் காட்டுகிற சொல் அது. நான் எழுதிக் கொடுத்தது 'பெண்கள் வாங்கினார்கள்' என்று.

இதையாவது பொறுத்துக்கொண்டிருப்பேன். அடுத்த வரியில், அந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்திய கேட் ஷெப்பர்டின் சங்கம் வருகிறது. பெண்கள் கிறிஸ்தவ மதுவிலக்குச் சங்கம் என்பது அதன் பெயர். மலரில் வெறும் 'பெண்கள் சங்கம்' என்று இருக்கிறது. போன் போட்டுக் கேட்டேன். "ஜெபம், குடி எல்லாம் வந்தா கொஞ்சம் பழமையா தெரியுதும்மா. நமக்கு ஓட்டுரிமைதானே முக்கியம்" என்றார் மலர்க்குழுவில் இருந்த தம்பி.

 

1885இல் மேரி லெவிட் என்ற அமெரிக்கப் பெண்மணி நியூசிலாந்துக்குக் கப்பலில் வந்து இறங்கி, ஊர் ஊராகப் போய் இந்தச் சங்கத்துக்குக் கிளைகள் அமைத்தார். சேர்ந்தவர்களில் பலர் சபைப் பெண்கள். வீட்டை விட்டால் அவர்கள் போய் உட்கார்ந்தால் யாரும் ஏன் என்று கேட்காத இடம் தேவாலயம்தான். நாலு பேர் முன்னால் எழுந்து பேசவும், கணக்கு எழுதவும், முன்பின் தெரியாத வீட்டின் கதவைத் தட்டவும் அங்கே பழகியவர்கள். கிறைஸ்ட்சர்ச்சில் இருந்த ஷெப்பர்டும் சபைக் காரியங்களில் ஊறியவர்.

அவர்கள் முதலில் கேட்டது ஓட்டே இல்லை. பிள்ளைகளுக்கு மது விற்காதே, மதுக்கடையில் ஊற்றிக் கொடுக்கிற வேலைக்குப் பெண்களை வைக்காதே என்று மனு கொடுத்தார்கள். நாடாளுமன்றம் தள்ளிவிட்டது. ஓட்டில்லாதவர் மனுவுக்கு அங்கே என்ன மரியாதை என்பது அப்போதுதான் உறைத்தது. 1887இல் சங்கத்தின் வாக்குரிமைப் பிரிவை ஷெப்பர்ட் ஏற்றுக்கொண்டார்.

மணமான பெண் தன் பெயரிலேயே சொத்து வைத்துக்கொள்ள வழி செய்த சட்டம் அந்த நாட்டில் 1884இல்தான் வந்தது. கணவன் குடித்துத் தீர்த்தால் வீட்டுக்கு ஒன்றும் மிஞ்சாது. அதனால் குடி அவர்களுக்கு ஒழுக்கப் பிரச்சினை மட்டும் இல்லை, அடுப்பெரிகிற பிரச்சினை. சம்பள நாளில் ஆலை வாசலில் இடுப்புப் பிள்ளையோடு காத்து நின்ற பெண்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். இதைப் பழமை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஓட்டுக் கேட்ட மனுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1891இல் 9,000 கையெழுத்துக்கு மேல். மசோதா மேலவையில் தோற்றது. மறு ஆண்டு ஏறக்குறைய 20,000. அதுவும் பலிக்கவில்லை. 1893இல் ஏறக்குறைய 32,000. வயது வந்த ஐரோப்பிய வம்சப் பெண்களில் கிட்டத்தட்ட கால்வாசிப் பேர். ஊர் ஊரிலிருந்து வந்து சேர்ந்த தாள்களை ஷெப்பர்ட் ஒன்றன் அடியில் ஒன்றாக ஒட்டினார். 546 தாள்கள். 270 மீட்டருக்கு மேல் நீளம். சுருட்டி வைக்க ஒரு கட்டை வேண்டுமே. துடைப்பத்தின் நீளப் பிடியிலிருந்து ஒரு துண்டை எடுத்து அதில் சுற்றினார். ஜான் ஹால் என்ற உறுப்பினர் நாடாளுமன்றத்தின் நடுவில் அதை உருட்டிவிட, விரிந்துகொண்டே போய் எதிர்ச் சுவரில் இடித்து நின்றது. அந்தச் சுருள் இன்றும் வெலிங்டனில் இருக்கிறது. பெயரும் முகவரியுமாக வரிசை வரிசையாக எழுதிய அந்தத் தாள்களைப் படத்தில் பார்த்தே ஒரு மத்தியானம் போயிருக்கிறது எனக்கு.

மதுக்கடைக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. டனீடின் உறுப்பினர் ஹென்றி ஃபிஷ் எதிர் மனுவுக்குக் கூலி ஆள் வைத்துக் கையெழுத்துத் திரட்டினார். பிரதமர் செடனே ஒரு காலத்தில் மதுவிடுதி நடத்தியவர். மேலவையில் தன் கட்சிக்காரர் ஒருவரை எதிர்த்து ஓட்டுப் போட வைத்தார். அந்தத் தலையீட்டில் கோபமடைந்த எதிரணியினர் இருவர் பெண்கள் பக்கம் மாற, 20க்கு 18 என்று மசோதா தேறியது. செப்டம்பர் 19 அன்று ஆளுநர் கையெழுத்திட்டார். அந்த இரண்டு ஓட்டைக் காட்டி இதை அதிர்ஷ்டம் என்பவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. அந்தச் சுருள் இல்லாமல் மசோதா அந்த வாசல்வரை வந்திருக்காது.

மதுவிலக்குப் பெண்கள் மட்டுமே இதைச் செய்தார்கள் என்றும் நான் எழுதவில்லை. டனீடினில் தையல் தொழிலாளர் சங்கத்து ஹாரியட் மோரிசன் கையெழுத்து வாங்கினார். பூர்வகுடிகளான மவோரி மக்களின் நாடாளுமன்றத்தில் அதே ஆண்டு மே மாதம் எழுந்து பேசிய மெரி தே தாய் மங்காகாஹியா, பெண்கள் நிலம் வைத்திருப்பதைச் சொல்லி ஓட்டும் கேட்டார், உறுப்பினராகும் உரிமையும் கேட்டார். அந்த வரிகளை மலரில் விட்டுவைத்திருக்கிறார்கள். சந்தோஷம்.

அந்த நவம்பரில் 90,000 பெண்கள் ஓட்டுப் போட்டார்கள். முழு மதுவிலக்கு மட்டும் வரவே இல்லை. 1911இல் 55.8 சதவீதம் பேர் அதை ஆதரித்தும், 60 தேவை என்பதால் போயிற்று. எதற்காக ஓட்டுக் கேட்கப் போனார்களோ அது கைக்கு வராமலேயே அந்தத் தலைமுறை முடிந்தது. பெண் ஒருவர் நாடாளுமன்றத்துக்குள் நுழைய 1933 வரை ஆயிற்று. முதலில் நுழைந்த எலிசபெத் மெக்கோம்ஸும் மதுவிலக்கு மேடையிலிருந்து வந்தவர். ஷெப்பர்ட் அதைப் பார்த்துவிட்டுத்தான் மறு ஆண்டு கண்ணை மூடினார்.

மலரில் எனக்கு ஐந்து பிரதிகள் கொடுத்திருக்கிறார்கள். சங்கத்தின் முழுப் பெயரையும் சீட்டுகளில் எழுதி, ஐந்திலும் அந்த வரியின் மேல் ஒட்டியிருக்கிறேன். பசை காய்ந்ததும் ஒன்றை அந்தத் தம்பிக்கு அனுப்புகிறேன்.