வீட்டுச் சொல்லும் ஏட்டுச் சொல்லும்

திருக்கோவிலூரில் தென்பெண்ணையாற்றில் நிற்கும் பாறையொன்றைக் கபிலர் குன்று என்பர். பாரியின் மறைவுக்குப் பின் கபிலர் அங்கு உயிர் நீத்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது அக்குன்றும் அதன் எல்லைக்குள் அமைந்தது. ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழை அறிவுறுத்தவே கபிலர் குறிஞ்சிப்பாட்டைப் பாடினார் என்று பழங்குறிப்பு கூறும். நூற்பாக்களை அவர் ஒப்புவிக்கச் செய்யவில்லை. மலையையும் தினைப்புனத்தையும் 99 மலர்களையும் அவன் கண்முன் கொண்டுவந்து நிறுத்தினார். பொருளைக் காட்டிப் பெயரைச் சொல்வது அவர் கண்ட வழி. தொட்டில் பருவம் முதல் குழந்தைக்கு மொழி வருவதும் அவ்வழியே அன்றோ?

அப்பாட்டை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் மாணவர்கள் மலர்ப்பட்டியலைக் கண்டு மருள்வது வழக்கம். ஒருமுறை, கல்வராயன் மலையிலிருந்து வந்து பயின்ற மாணவர் ஒருவர் தயங்கி எழுந்து, "ஐயா, காந்தள்னா எங்க ஊர்க் கண்வலிக் கிழங்குப் பூதானே?" என்றார். பிறகு வேங்கையைப் பற்றிச் சொன்னார். பரண் எப்படிக் கட்டுவர், கவணில் கல்லை எப்படி வைப்பர் என்பதையும் விளக்கினார். மற்றவர் உரைநூலில் தேடிய பொருள் அவருக்குப் பாட்டியின் மடியிலேயே கிடைத்திருந்தது. அன்று ஆசிரியன் அவரே, நான் மாணவன்.

அவர் பின்னர்க் கூறியது என்னை வருத்தியது. தொடக்கப் பள்ளியில் அவரைச் 'சொல் வராத பிள்ளை' என்றார்களாம். சாமைக்கும் தினைக்கும் கதிர் வேறுபாடு அறிந்த பிள்ளையிடம் அதைப் பற்றி எவரும் வினவவில்லை. வினவியவற்றுக்குரிய சொற்களோ அவர் வீட்டில் புழங்கவில்லை. 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்த மலை அது. இன்றும் பெற்றோர் பிழைப்புக்காக வெளியூர் சென்றுவிட, முதியோரிடம் வளரும் பிள்ளைகள் அங்கு உளர். அம்முதியோரிடம் எழுத்தறிவு இல்லாதிருக்கலாம்; சொல் இல்லை என்று கூற இயலுமா?

மலையைப் பற்றி எழுதிவிட்டு என் வீட்டை மறைப்பது முறையன்று. என் மகளை மழலையர் பள்ளியில் சேர்த்த புதிதில், "இனி ஆணம் என்று சொல்லாதே, குழம்பு என்று சொல்" எனக் கண்டித்தேன். பிறர் நகைப்பரோ என்ற அச்சம். இரண்டு நாள்கள் அக்குழந்தை உண்ணும்போது எதையும் வாய்விட்டுக் கேட்கவில்லை, விரலால் சுட்டினாள். என் தாயார்தாம், "ரெண்டையும் சொல்லட்டுமே வாப்பா, ஒண்ணை ஏன் புடுங்குறே?" என்றார்கள். தமிழில் ஆய்வியல் நிறைஞர் பட்டம் பெற்றவனுக்கு அந்த எளிய உண்மை தோன்றவில்லை. ஆணம் அகராதியேறிய நல்ல தமிழ்ச்சொல். தொழுகை, நோன்பு, பள்ளிவாசல், பசியாறுதல் என நம் இல்லங்கள் காத்துவந்த சொற்களின் வரிசையில் அதுவும் ஒன்று. உருது பேசும் இல்லத்தாரும் இதே அச்சத்தால் வீட்டுமொழியை அடக்குகின்றனர். இரண்டு மொழி கேட்டு வளரும் குழந்தை குழம்பிப்போகும் என்பது வீண் கவலை.

1995இல் அமெரிக்க ஆய்வாளர் ஹார்ட், ரிஸ்லி இருவரும் 42 குடும்பங்களை ஆராய்ந்து வெளியிட்ட நூல் பெரிதும் பேசப்பட்டது. வறிய இல்லத்துக் குழந்தை, வசதியுள்ள இல்லத்துக் குழந்தையைவிட மூன்று வயதுக்குள் மூன்று கோடிச் சொற்கள் குறைவாகக் கேட்கிறது என்பது அவர்தம் கணக்கு. பின்வந்தோர் சிலர் இதனை மறுத்தனர்: பாட்டி, அண்ணன், அக்காள் எனச் சூழ இருப்போர் பேச்சையும் சேர்த்துக் கணக்கிட்டால் நிலைமை அவ்வாறில்லை என்றனர். நம் கூட்டுக் குடும்பங்களை அறிந்த எனக்கு மறுத்தோர் பக்கமே மனம் சாய்கிறது. ஆயினும் சூழ இருப்போர் பேச வேண்டுமே! இன்று அழும் குழந்தையின் கையில் கைப்பேசியைக் கொடுத்துவிட்டு அனைவரும் ஓய்ந்துவிடுகின்றனர். அதனுள் சொற்கள் ஆயிரம் ஒலிக்கலாம். குழந்தை 'ஏன்' என்று கேட்டால் அது மறுமொழி கூறாது.

சமையலறையை மட்டும் எடுத்துக்கொள்வோம். கீரையை ஆய்கிறோம், வெங்காயத்தை நறுக்குகிறோம், தேங்காயைத் துருவுகிறோம், இஞ்சியின் தோலைச் சீவுகிறோம், பூண்டைத் தட்டுகிறோம், பலாவைப் பிளக்கிறோம். முறத்தை எடுத்தால் புடைத்தல், கொழித்தல், தெள்ளுதல் என்று கைக்கு ஒரு சொல். இவற்றுள் பாதியை 'கட் பண்ணு' என்னும் ஒன்று விழுங்கிவிட்டது; எஞ்சியதை 'கிளீன் பண்ணு' விழுங்குகிறது. 2021இல் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச்சிற்பக் கலையிலும் அப்படித்தான்: செதுக்குதல் வேறு, குடைதல் வேறு, இழைத்தல் வேறு. பட்டறை வாயிலில் நின்று பார்க்கும் சிறுவனுக்கு இவ்வேறுபாட்டைத் தந்தை ஒரு நொடியில் சொல்லிவிடலாம். சொல்லட்டைகளை விலைக்கு வாங்கி மனப்பாடம் செய்விக்கும் பெற்றோர் இதற்கு ஏனோ நேரமில்லை என்கின்றனர்.

குழந்தை "பூ" என்றால் "ஆம், பூ, வாகைப் பூ, உதிர்ந்து கிடக்கிறது" என்று ஒரு படி ஏற்றி மறுமொழி கூறினால் போதும். பிழையாகச் சொன்னால் கடியாமல், சரியான சொல்லைத் தன் பேச்சில் வைத்துத் திருப்பித் தரலாம்.

நம் துறை மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாட்டு நலப்பணித் திட்ட முகாம் கரியாலூரிலோ வெள்ளிமலையிலோ அமையுமாயின், ஒரு மாலைப் பொழுதை அவ்வூர் மூதாட்டியருக்கு ஒதுக்குங்கள். அவர்கள் சொல்லும் செடி, தானிய, கருவிப் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். எழுதும்போது அவர்தம் பேரப்பிள்ளைகளையும் அருகே அமர்த்திக்கொள்ளுங்கள்.